தம்பிக்கு பாஜூவில வேலை கிடைச்சிருக்கு – வடகொரியா எல்லை எண்டு அம்மா விடமாட்டன் எண்டுறா

கொக்குவில் அக்கா எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். என்ர தம்பி கொரியன் எக்ஸாம் பாஸ் பண்ணி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில பதிஞ்சு, கனகாலம் காத்திருந்து இப்பதான் வேலை ஒப்பந்தம் வந்திருக்கு. பிளாஸ்ரிக் பக்ரறி. இடம் பாஜூ. போனில மப்பைத் திறந்து பாத்தால் சியோலுக்கு மேல, வடகொரியாவோட முட்டிக்கொண்டு நிக்குது அந்த ஊர்.

பக்கத்து வீட்டுப் பெடியன் அம்மாவுக்கும் அந்த மப்பைக் காட்டிப்போட்டான். அண்டையில இருந்து வீட்டில ஒரே கதைதான். "ரெண்டு ஆமிக்கு நடுவில பிள்ளையை விடச் சொல்லுறியோ? 95 இடப்பெயர்வில உன்னை இடுப்பில வைச்சுக்கொண்டு நாவற்குழிப் பாலம் தாண்டினது காணாதோ?" இதுக்கு நான் என்ன மறுமொழி சொல்ல?

எனக்கு ரெண்டு கேள்வி. ஒண்டு, அங்கை உண்மையில சண்டை வருமா? மற்றது, இது எனக்கே விளங்காதது. அமெரிக்கா, சீனா, ரஷ்யா எல்லாம் சுத்திவர நிண்டும் ஒரு சின்ன நாட்டின்ர அணுகுண்டை இவ்வளவு காலமா ஏன் எடுக்கேலாமல் கிடக்கு? வீட்டு வேலையை முடிக்கக் கடன் எடுக்கிற யோசனையும் இருக்கு. அவன் அனுப்புற காசை நம்பித்தான். அங்கை இருந்த ஆக்கள் ஆரும் இருந்தால் சொல்லுங்கோ.

பாஜூ ரிட்டேர்ண் எழுதினது:

தங்கச்சி, நான் பாஜூவிலதான் நிண்டனான். 2016 இல போய் ஈ-9 விசா (பக்ரறி வேலைக்குக் குடுக்கிறது) முடியுமட்டும் ஒரே கொம்பனி. முகத்துக்குப் பூசிற கிறீம் போத்திலும் மூடியும் அடிக்கிற பக்ரறி. இப்ப சுன்னாகத்தில ஒரு சின்னக் கடை போட்டிருக்கிறன்.

முதல்ல அம்மாவின்ர பயத்துக்கு வாறன். மப் பொய் சொல்லேல்லை, ஊர் எல்லையிலதான் கிடக்கு. சியோலில இருந்து பஸ்ஸில வரேக்க ஆத்தோரம் நீட்டுக்கு முள்ளுக்கம்பி வேலி, இடைக்கிடை காவல் கொட்டில். முகமாலையால போய்வந்த எங்களுக்கு உதைப் பாத்த உடன வயித்தைக் கலக்கும். எனக்கும் கலக்கினது. ஆனா வேலிக்கு இஞ்சாலைப் பக்கம் அடுக்குமாடி வீடுகள், பெரிய மோல், ஸ்கூல் பஸ், எல்ஜி காரன்ர டிஸ்பிளே பக்ரறி. சண்டை வரும் எண்டு நம்பிற ஆக்கள் அவ்வளவு காசை அந்த மண்ணில கொட்டமாட்டினம்.

ராவில பிரசார லவுட்ஸ்பீக்கர் சத்தம் கேக்கும். 2016 தையில வடகொரியா நாலாந்தரம் அணுகுண்டு வெடிச்சுப் பாத்த கையோட, தென்கொரியா எல்லையில ஸ்பீக்கரை மறுபடி போட்டது. வடக்கும் தன்ர பக்கத்தால போடும். நைட் ஷிப்ற் முடிஞ்சு வெளியில வந்தால், காத்து இஞ்சாலை திரும்பேக்க ஒரு பொம்பிளையின்ர குரலும் பாட்டும் கலந்து வரும், ஒரு சொல்லும் பிடிபடாது. 2018 சித்திரையில நிப்பாட்டினவை. 2024 இல வடக்கு பலூனில குப்பை கட்டி விட்ட சண்டையோட திரும்பத் தொடங்கி, 2025 ஜூனில புது ஜனாதிபதி வந்து நிப்பாட்டினவர். இப்ப போறவனுக்கு நித்திரை வரும்.

ஓடுசான் எண்டு ஒரு மலையில பாக்கிற இடம் கட்டியிருக்கினம். ஆத்துக்கு அங்காலை வடகொரியா. தொலைநோக்கியால பாத்தால் வயலில ஆக்கள் குனிஞ்சு நிண்டு வேலை செய்யிறது தெரியும். மலையளில மரமே இல்லை, மொட்டை. எங்கட பக்கத்து மலை எல்லாம் பச்சையாக் கிடக்க அது மட்டும் மண்ணிறத்தில. குண்டு செய்யிற நாடு எண்டு சொல்லிற இடம் அந்த மண்ணிறந்தான்.

2017 செப்ரெம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. ஹொஸ்ரலில கோழிக்கறி வைச்சுக்கொண்டு நிண்டனாங்கள். ஊரில இருந்து கோலுக்கு மேல கோல். வடக்கு ஆறாந்தரம் வெடிச்சிருக்கு, எல்லாத்திலயும் பெரிசு அதுதான். நிலநடுக்கக் கணக்கில 6.3. அடுத்த அறை நேபாளிப் பெடியன் உடுப்புப் பையை எடுத்துக் கட்டத் தொடங்கிட்டான். யன்னலால கீழ பாக்கிறன், கொரியன் கிழவன் கிழவி சோடி சோடியா மலையேறிற சப்பாத்தோட பஸ்ஸுக்கு நிக்கினம். திங்கட்கிழமை வழமை போல மெசின் ஓடினது. 

இனித்தான் நான் சொல்ல வந்தது. என்ர சம்பளத்தில கை வைச்சது மிசைலும் இல்லை, வடகொரியத் தலைவர் கிம்மின்ர குண்டும் இல்லை. தாட் எண்டு ஒரு சாமான். வாற மிசைலை மேல வைச்சே அடிக்கிற அமெரிக்க ஆயுதம். வடக்குக்கு எதிரா எண்டு சொல்லி 2016 ஜூலையில அறிவிச்சு, அடுத்த வருசம் தெற்கால சொங்ஜு எண்ட ஊரில லொத்தே கொம்பனியின்ர கோல்வ் மைதானத்தில கொண்டுவந்து வைச்சவை. அதோட ஒரு ராடார் வரும். அந்த ராடார் வடகொரியாவோட நிக்காமல் தங்கட நாட்டுக்குள்ளயும் எட்டிப் பாக்கும் எண்டு சீனாவுக்குச் சினம். காணி குடுத்த லொத்தேக்குச் சீனாவில இருந்த சுப்பர்மார்க்கெற்றுகளை ஒண்டொண்டாப் பூட்ட வைச்சவை, நெருப்புப் பாதுகாப்புச் சரியில்லை எண்டு காரணம். கடைசியில அவன் வித்துப்போட்டு வெளிக்கிட்டான். சீனச் சுற்றுலாக் கூட்டத்தைக் கொரியாவுக்குப் போகவேண்டாம் எண்டு மறிச்சவை. 2016 இல 80 லட்சம் பேர் வந்த இடத்துக்கு 2017 இல 42 லட்சத்துக்குக் கிட்டத்தான் வந்தது.

அந்தச் சனம் வந்து வாங்கிறது என்ன? கிறீம். அந்தக் கிறீமுக்குப் போத்தில் அடிக்கிறது ஆர்? நாங்கள்.

2017 வெயில் காலம் வரேக்க எங்கட லோடிங் கதவடியில சீன எழுத்து அடிச்ச பெட்டியள் கூரை முட்ட ஏறி நிண்டது. எடுக்க லொறி வரேல்லை. ஜூலை மழைக்கு ஈரம் ஏறி அடிப்பெட்டியள் நசிஞ்சு, மேல் அடுக்கு ஒரு பக்கம் சரிஞ்சது. சாஜங் (முதலாளியை அப்பிடித்தான் கூப்பிடுவம்) வந்து பாத்திட்டு ஒண்டும் கதைக்காமல் சிகரெற்றைப் பத்தவைச்சுக்கொண்டு போனார். அடுத்த கிழமை ஓவர்ரைம் வெட்டு. அப்ப மணித்தியாலத்துக்கு 6,470 வொன் அடிப்படை, ஓவர்ரைமுக்கு ஒண்டரை மடங்கு. வெறும் அடிப்படைச் சம்பளத்தில சாப்பாட்டையும் கழிச்சால் வீட்டுக்கு அனுப்புறது என்னத்தை? ஊரில வட்டி ஏறிக்கொண்டே இருந்தது.

சாஜங்கின்ர மச்சான் நிலைமை இன்னும் மோசம். அவர் கேசொங்கில பக்ரறி வைச்சிருந்தவர். எல்லைக்கு அங்காலை, வடகொரியத் தொழிலாளர் 50 ஆயிரத்துக்கு மேல தெற்குக் கொம்பனியளுக்கு வேலை செய்த இடம். 2016 பெப்ரவரியில தெற்கு அதைப் பூட்டினது, அடுத்த நாளே வடக்கு ஆக்களைத் துரத்திச் சொத்தை முடக்கினது. அந்தாளின்ர மெசின் எல்லாம் அங்கை. எங்கட பக்ரறிக்கு வந்தால் மெசினைத் தடவிப் பாத்துக்கொண்டு நிப்பார்.

அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கோ: குண்டு விழும் எண்டு பயப்படத் தேவையில்லை. கடன் விசயத்தில நீங்கள்தான் பயப்பட வேணும். பெரியாக்கள் ஏன் எடுக்கேல்லை எண்ட கேள்விக்கு வடமராட்சி வாத்தியார் வந்தால் வடிவாச் சொல்லுவார். உதில நான் பத்தாம் வகுப்பு.

வடமராட்சி வாத்தி எழுதினது:

பிள்ளை, சுன்னாகத்தார் முக்கியமானதைச் சொல்லிவிட்டார். நான் பின்னால் உள்ள கணக்கை எழுதுகிறேன்.

1950 ஜூன் 25இல் வடக்கு தெற்குக்குள் புகுந்தது. அமெரிக்கா ஐ.நா. கொடியோடு வந்து, வடக்கைத் தள்ளிக்கொண்டு சீன எல்லையான யாலு ஆற்றை நெருங்கியது. ஒக்ரோபரில் சீனா இறங்கியது. மாவோவின் மூத்த மகனே அந்தச் சண்டையில் இறந்தவர். 1953 ஜூலை 27இல் சண்டையை நிறுத்தக் கையெழுத்து வைத்தார்கள். சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. சீனாவின் முழுக் கணக்கும் அந்த ஆற்றங்கரையில்தான் நிற்கிறது. வடகொரியா விழுந்தால் தெற்கோடு சேரும், தெற்கில் இருக்கும் 28,500 அமெரிக்கச் சிப்பாய்கள் யாலு வரை வரலாம். அணுகுண்டு வைத்திருக்கும் அயலவன் சீனாவுக்குத் தலையிடிதான். அமெரிக்கப் படை அயலுக்கு வருவது அதைவிடப் பெரிய தலையிடி. அதனால் ஐ.நா.வில் தடைக்குக் கை உயர்த்தும், ஆனால் வடக்கு மூச்சுவிடும் அளவுக்கு எண்ணெயும் அரிசியும் போய்க்கொண்டே இருக்கும். வடகொரிய வர்த்தகத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சீனாவோடு.

அமெரிக்காவின் பக்கமும் சுத்தமில்லை. 1958 முதல் 1991 வரை தெற்கில் அமெரிக்க அணுவாயுதங்கள் இருந்தன. பலருக்கு இது மறந்துபோனது. தீபகற்பத்தில் முதலில் அணுகுண்டு கொண்டுவந்து வைத்தது வடகொரியத் தலைநகர் பியோங்யாங் அல்ல.

எனக்குக் கவலையான இடம் 1990–92. சோவியத் ஒன்றியம் 1990இல் தெற்கோடு உறவு வைத்தது, சீனா 1992இல் வைத்தது. அதே நேரத்தில் அமெரிக்காவும் ஜப்பானும் வடக்கோடு உறவு வைத்திருந்தால் தராசு சமமாகியிருக்கும். வைக்கவில்லை. வடக்கு தனித்து நின்றது, யொங்பியொன் அணு உலையில் குண்டு செய்ய உதவும் புளூட்டோனியம் இருந்தது. 1994இல் கிளின்ரன் காலத்து உடன்பாடு: உலையை நிறுத்து, இரண்டு புதிய மின் உலைகள் கட்டித் தருகிறோம், அதுவரை வருடம் 5 இலட்சம் தொன் எரிஎண்ணெய். எட்டு வருடம் புளூட்டோனியம் வேலை நின்றது. உலைகள் கட்டி முடியவில்லை. 2002இல் வடக்கு குண்டுக்கான இன்னொரு வழியாக இரகசியமாக யுரேனியம் செறிவாக்குகிறது என்று புஷ் அரசு சொன்னது, எண்ணெய் நின்றது, 2003 தையில் வடக்கு அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை விட்டு விலகியது. 2006இல் முதற்குண்டு.

இனி பிள்ளை கேட்ட "ஏன் எடுக்கேலாமல்" என்பதற்கு இரண்டு திகதிகளைப் பார்க்கலாம். 2017 டிசம்பரில் பாதுகாப்புச் சபையில் கடுந்தடை: சுத்திகரித்த எண்ணெய் வருடம் 5 இலட்சம் பீப்பாய்க்கு மேல் போகக்கூடாது. பதினைந்து நாடுகளும் ஆதரவு, சீனாவும் ரஷ்யாவும் உட்பட. 2022 மே மாதம் அதே சபை, அதே வடகொரியா, மீண்டும் கண்டம் தாண்டும் ஏவுகணை. பதின்மூன்று நாடுகள் ஆதரவு, சீனாவும் ரஷ்யாவும் வீற்றோ (தடுக்கும் வாக்கு). இடையில் வடகொரியா திருந்தவில்லை. இடையில் நடந்தது அமெரிக்க–சீன வர்த்தகச் சண்டை, பிறகு உக்ரேன் போர். 2024 மார்ச்சில் தடைகளைக் கண்காணித்த நிபுணர் குழுவையே ரஷ்யா வீற்றோ போட்டுக் கலைத்தது. ஜூனில் புட்டின் பியோங்யாங் போய், ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் படையுதவி செய்வது என்று ஒப்பந்தம் எழுதினார். வருடம் முடிவதற்குள் வடகொரியச் சிப்பாய்கள் உக்ரேனுக்கு எதிராக ரஷ்யாவின் குர்ஸ்க்கில் நின்றார்கள்.

நம்மூரில் இதற்குச் சின்ன உதாரணம் உண்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மின் திட்டம். 2021இல் சீனக் கொம்பனிக்குப் போனது, தமிழ்நாட்டுக் கரைக்கு இவ்வளவு கிட்டவா என்று இந்தியா கிளம்பியது, திட்டம் நின்றது, பிறகு இந்திய நன்கொடையில் போனது. தீவுச் சனத்துக்கு வேண்டியிருந்தது கரண்ட் மட்டும். சொங்ஜுவில் முலாம்பழம் செய்கிற விவசாயிகள் ராடாருக்கு எதிராக வீதியில் இருந்தபோது எனக்கு அனலைதீவுதான் நினைவுக்கு வந்தது.

சண்டை வருமா? வேண்டுமென்றே யாரும் தொடங்குவார்கள் என்று நான் நினைக்கவில்லை. சியோல் எல்லையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர், பீரங்கியே போதும், குண்டு தேவையில்லை. அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் முன்பு வடக்கின் கயிறு பெய்ஜிங்கின் கையில் மட்டும் இருந்தது. இப்போது மொஸ்கோவும் ஒரு நுனியைப் பிடித்திருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

நேர்படப்பேசு எழுதினது:

வாத்தியார் சுத்தி வளைச்சு எழுதுறார். விசயம் ஒண்டே ஒண்டு. லிபியாவின்ர கடாபி 2003 இல அணுத்திட்டத்தைக் குடுத்தான், 2011 இல தெருவில அடிச்சுக் கொண்டாங்கள். ஈராக்கின்ர சதாமிட்டை குண்டே இல்லை, அவனையும் தூக்கில போட்டாங்கள். 2018 இல கிம்மோட பேச்சு நடக்கப்போகுது எண்ட நேரம் ட்ரம்பின்ர பாதுகாப்பு ஆலோசகர் ஜோன் போல்ரன் ரிவியில வந்து "லிபியா மாதிரி" எண்டு சொல்லுறார். அதைக் கேட்டிட்டு எந்த விசரன் குண்டைக் குடுப்பான்? சீனாவை ஏன் இதுக்குள்ள இழுக்கிறியள்?

பாஜூ ரிட்டேர்ண் எழுதினது:

லிபியாக் கதை மெய்தான், கிம் குடுக்கமாட்டான் எண்டதும் மெய்தான். ஆனா கடாபி சாகேக்க வடக்கு ஏற்கனவே ரெண்டு தரம் வெடிச்சு முடிஞ்சுது. சீனாவை நான் இழுக்கேல்லை, என்ர சம்பளச் சிட்டையில அவன் தானா வந்து நிண்டவன். மிசைல் விட்டவனுக்கு எண்ணெய் போகுது, மிசைல் விழாமல் குடை பிடிச்சவனுக்குக் கடை பூட்டு. அமெரிக்காவும் கொண்டுவந்து வைச்சதோட சரி. லொத்தேக்கோ எங்கட சாஜங்குக்கோ ஒரு சதம் குடுத்ததா நான் கேள்விப்படேல்லை. ரெண்டு பேரிலயும் எனக்குக் கோவந்தான்.

சியோல் மாணவன் எழுதினது:

நான் இப்ப சியோலில மாஸ்ரர்ஸ் படிக்கிறன், ஊர் சாவகச்சேரி. அக்காவுக்கு ஒரு விசயம் சொல்லவேணும். வாத்தியார் சொன்ன மாதிரி வேணுமெண்டு தொடங்கமாட்டினம், ஆனா பிழை நடக்கும். 2023 மே 31 விடிய 6.41. வடக்கு செய்மதி எண்டு சொல்லி ரொக்கெற் விட்டது. சியோல் முழுக்கப் போன் அலறினது, சைரன் வேற. "வெளியேற ஆயத்தமாகுங்கோ, பிள்ளையளையும் வயசான ஆக்களையும் முதல் அனுப்புங்கோ" எண்டு மெசேஜ். ஏன் எண்டும் இல்லை, எங்கை போறது எண்டும் இல்லை. நான் பாஸ்போட்டையும் தண்ணிப் போத்திலையும் எடுத்துக்கொண்டு படியில நிண்டனான். எனக்கு முன்னால ஒரு அம்மா, நித்திரைப் பிள்ளை தோளில, ஒரு கால்ல மட்டும் செருப்பு. 7.03 க்கு இன்னொரு மெசேஜ்: முந்தினது பிழையா அனுப்பினது. ரொக்கெற் கடலுக்குள்ள விழுந்திட்டுது.

அண்டைக்குப் பிறகு தெரிஞ்சுகொண்டது: நிலத்தடி ரயில் நிலையங்கள் கனக்க தஞ்சமடையிற இடந்தான், வாசலில அடையாளம் ஒட்டியிருக்கும். தம்பி பாஜூ வந்த முதல் ஞாயிறே ஹொஸ்ரலுக்குக் கிட்ட எது எண்டு நடந்துபோய்ப் பாக்கட்டும். அவசர மெசேஜ் பெரும்பாலும் கொரியன் எழுத்திலதான் வரும், எக்ஸாமுக்குப் படிச்சதை மறக்கவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. தூதரகத்தில நம்பரைப் பதியச் சொல்லுங்கோ, உதைக் கனபேர் செய்யிறேல்லை.

கொக்குவில் அக்கா எழுதினது:

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். மாவோவின்ர மகன் செத்த இடத்தில "பாவம், அவனும் ஒரு தாய்க்குப் பிள்ளைதானே" எண்டவ, அதோட எழும்பிக் குசினிக்குள்ள போட்டா. இண்டைக்கு விடியத் தம்பியிட்டை எத்தினை உடுப்புக் கொண்டுபோகலாம் எண்டு கேட்டவ. சம்மதம் எண்டுதான் நினைக்கிறன்.

சுன்னாகத்து அண்ணை, நீங்கள் சொன்ன கடன் விசயந்தான் இப்ப எனக்கு யோசனை. அந்தக் கொம்பனி சீனாவை நம்பி ஓடுதோ இல்லையோ எண்டு இஞ்சை இருந்து எப்பிடிப் பாக்கிறது? ஒப்பந்தத்தில பேரும் விலாசமுந்தான் கிடக்கு.

பாஜூ ரிட்டேர்ண் எழுதினது:

இஞ்சை இருந்து பாக்கேலாது தங்கச்சி. போய் இறங்கின பிறகு அவன் பாக்கவேணும். பெரிய வேலை இல்லை, லோடிங் கதவடியில நிக்கிற பெட்டியில என்ன எழுத்து எண்டு பாத்தால் காணும். சீன எழுத்து மட்டும் எண்டால் ஓவர்ரைமைக் கணக்கில எடுக்காதேங்கோ. அடிப்படைச் சம்பளத்தில கட்டக்கூடிய கடன் எவ்வளவோ அவ்வளவோட நிப்பாட்டுங்கோ. கொரியன் எழுத்து, ஆங்கில எழுத்து, வியட்நாம் எண்டு கலந்து கிடந்தால் கொஞ்சம் துணியலாம். காருக்குப் பாட்ஸ் அடிக்கிற கொம்பனி எண்டால் அமெரிக்கா வரி போட்டால் ஆட்டம் காணும், உதையும் கேக்கச் சொல்லுங்கோ. பழைய ஆக்கள் ஆரும் அங்கை நிண்டால், போன வருசம் ஓவர்ரைம் எந்த எந்த மாசம் இல்லாமல் போனது எண்டு அவையிட்டைக் கேட்டால் சாஜங்கை விட வடிவாச் சொல்லுவினம்.

முதல் ஆறு மாசம் கடன் எடுக்காதேங்கோ, வீடு அப்பிடியே கிடக்கட்டும்.

உடுப்பு விசயம்: குளிர் உடுப்பு யாழ்ப்பாணத்தில வாங்கிக் காசைக் கரியாக்கவேண்டாம். பாஜூ மாரியில சைபருக்குக் கீழ பத்துக்கும் போகும், இஞ்சை விக்கிறது அதுக்கு நிண்டுபிடிக்காது. அங்கை ஞாயிறுச் சந்தையில மலிவா எடுக்கலாம். பையில அந்த இடத்தில மிளகாய்த்தூளை வையுங்கோ.